தடுப்பணையால் கிணறு ஏறியதா? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

செய்யாற்றின் குறுக்கே எங்கள் ஊரை ஒட்டி ஒரு தடுப்பணை கட்டினார்கள். அடுத்த ஜனவரியில் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் 10 அடி ஏறி நின்றது. "எல்லாம் செக் டேம் புண்ணியம்" என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். அதைக் கணக்குப் போட்டுக் காட்டி, மேலே இன்னொரு தடுப்பணை கேட்கலாம் என்றுதான் நோட்டும் டேப்பும் வாங்கினேன். முதல் வருடம் போட்ட கணக்கு முழுக்கத் தப்பு. அணையில் தேங்கிய மொத்தத் தண்ணீரைவிட, அணையால் நிலத்துக்குள் இறங்கிய தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது! இரண்டாம் வருடம்தான் கொஞ்சம் பிடிபட்டது.

உங்கள் ஊர் ஆற்றிலும் தடுப்பணையோ தரைமட்டத் தடுப்புச் சுவரோ கட்டியிருந்தால், அல்லது கட்டப் போகிறார்கள் என்றால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். பொறியியல் படிப்பு வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம்.

1. காகிதங்களை முதலில் கேளுங்கள், அளவு அப்புறம்

நான் அளவில் ஆரம்பித்து, காகிதத்துக்கு ஏழு மாதம் கழித்துப் போனேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். மனு போட்ட நாளிலிருந்து பதில் வர ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் கிணறு தேடும் வேலையை முடித்துவிடலாம்.

தேவைப்படுபவை இவை. தடுப்பணை கட்டிய நீர்வளத்துறைக் கோட்டத்திலிருந்து: அணையின் கொள்ளளவு, நீளம், உயரம், நீர் பரவும் பரப்பு, ஆற்றுப் படுகைக்குக் கீழே அடிச்சுவர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று காட்டும் வரைபடம், வேலை முடிந்த தேதி. மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையத்திலிருந்து: உங்கள் குறுவட்டத்தில் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்ட விவரம், அணை கட்டுவதற்கு முந்தைய பத்து வருடமாவது. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து: அணைக்கு இருபுறமும் உள்ள புல எண்களின் அடங்கல், அதாவது எந்தப் புலத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்ற பதிவேடு. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் வருடத்துக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில், தன் கிணறுகளை அளக்கிறது. அந்த அளவுகளில் நிறைய இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அங்கே தேடிப் பார்த்துவிட்டு, இல்லாததற்கு மட்டும் மனு போடுங்கள்.

வாய்மொழியாகக் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, தமிழிலேயே எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

என் முதல் மனு, "இது எங்கள் அலுவலகம் சார்ந்தது அல்ல" என்று ஒரே வரியோடு திரும்பி வந்தது. அது முறையல்ல. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால், ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவைக்க வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. எனக்கு அது தெரியாமல் புதிதாக மனு எழுதி ஒன்றரை மாதத்தை விட்டேன். நீங்கள் மனுவின் கடைசி வரியிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கொள்ளளவை மில்லியன் கன அடியில் தருவார்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது 28,317 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். இந்த இரண்டையும் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆறு கிணற்றுக்குக் கொடுக்கிறதா, கிணற்றிடம் வாங்குகிறதா?

இதைப் பார்க்காமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். அணையில் நிற்கும் நீரின் மட்டம் கிணற்று நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தால்தான் ஆறு கிணற்றுக்குக் கொடுக்கும். நல்ல மழைக்குப் பிறகு கிணற்று மட்டம் ஆற்றைவிட மேலே இருந்தால், நிலத்து நீர்தான் ஆற்றுக்குள் கசியும். அப்போது அணை நிறைந்திருந்தாலும் அந்தக் கிணற்றுக்கு அதனால் புதிதாக வருவது சொற்பம்.

இதற்குக் கிணறுகளின் தரைமட்டங்களையும் அணையின் மட்டத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். கைப்பேசியில் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டியது. கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் பக்கத்துக் கிணற்றுக்குச் சரி, ஒரு கிலோமீட்டருக்கு இழுத்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். சர்வேயர் ஒருவரை ஆட்டோ லெவல் கருவியோடு ஒரு நாள் கூப்பிட்டோம். 3,500 ரூபாய் ஆனது. மொத்தச் செலவில் இதுதான் பெரியது, இதுதான் உருப்படியானதும்.

3. கிணறுகளைத் தேர்ந்தெடுப்பது

பன்னிரண்டு முதல் பதினைந்து கிணறுகள் போதும். அதில் எட்டு அல்லது பத்து, அணையிலிருந்து 100 மீட்டர், 300 மீட்டர், 600 மீட்டர், 1 கிலோமீட்டர் என்று தள்ளித் தள்ளி, இரண்டு கரையிலும், அணைக்கு மேலும் கீழும் இருக்கட்டும்.

மீதி நான்கைந்து கிணறுகள்தான் இந்த வேலையின் உயிர். அவை அணையின் தண்ணீர் எட்டவே முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதே மழை, அதே பாறை, ஏறக்குறைய அதே பயிர். இவற்றை நாங்கள் "சாட்சிக் கிணறு" என்று கூப்பிட்டோம். அணை இல்லாதிருந்தால் நம் கிணறு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லப்போவது இவைதான். முதல் வருடம் எனக்குச் சாட்சிக் கிணறே இல்லை. அதனால்தான் கணக்கு கவிழ்ந்தது.

எந்தக் கிணறு வேண்டாம்?

கிணற்றுக்குள்ளேயே போர் போட்டது வேண்டாம். மேலே நிற்கும் தண்ணீரும் ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து வரும் தண்ணீரும் கலந்து, எது எதனுடைய மட்டம் என்றே தெரியாது. கிணற்றுச் சுவரில் பக்கவாட்டாகத் துளைத்து சைடு போர் அடித்த கிணறும் அப்படித்தான். ஏரி மதகுக்குக் கீழே இருக்கும் கிணறு வேண்டாம். ஏரி நிறைந்தால் ஏறும், புகழ் அணைக்குப் போகும். வெட்டுக் கிணறுகளையும் 600 அடி போர்வெல்லையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். தனித்தனியாக வைத்து, தனித்தனியாகவே ஒப்பிடுங்கள்.

தெரிந்தவர் கிணறாகப் பார்த்துப் பொறுக்குவதும் பொறிதான். அணைக்கு ஓடியாடி மனு கொடுத்தவர்களின் கிணறுகள் எல்லாம் ஆற்றோரமாகவே இருந்தன. அவர்களோடு நின்றிருந்தால் ஊருக்கே தண்ணீர் வந்துவிட்டதாகத்தான் எழுதியிருப்பேன்.

கிணற்றுச் சொந்தக்காரரிடம் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "அளந்துட்டு மீட்டர் வைக்கப் போறாங்களா தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார். இலவச மின்சாரத்துக்கு மீட்டர் வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அளவு எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

4. நீர்மட்டம் அளப்பது

50 மீட்டர் ஃபைபர் டேப், அதன் நுனியில் கட்ட ஒரு கனமான போல்ட்டு. அவ்வளவுதான் கருவி. கிணற்று விளிம்பில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் குறி போடுங்கள். எப்போது யார் அளந்தாலும் அந்தக் குறியிலிருந்துதான்.

விடியற்காலை ஐந்தரை மணி. டேப்பை மெல்ல இறக்கினால் இருட்டில் ஒன்றும் தெரியாது. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். போல்ட்டு தண்ணீரைத் தொடும்போது "ப்ளக்" என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு விரல் மேலே தூக்கி மறுபடி விடுங்கள், மறுபடி "ப்ளக்". மூன்றாவது முறையும் அதே இடத்தில் கேட்டால் படித்து எழுதுங்கள். சத்தம் கேட்காத ஆழமான கிணறு என்றால் டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள், நனைந்த கோடு காட்டிக்கொடுக்கும். போல்ட்டின் நீளத்தையும் கூட்ட மறக்காதீர்கள். நான் மூன்று மாதம் மறந்திருந்தேன்.

ஏன் விடியற்காலை? மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம் ஊற்றின் மட்டம் அல்ல. குறைந்தது எட்டு மணி நேரமாவது ஓய்ந்திருக்க வேண்டும். மும்முனை மின்சாரம் உங்கள் பகுதிக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு முன்னால் போங்கள். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடினாலும் குறித்து வையுங்கள்.

போர்வெல்லில் டேப் விடவே விடாதீர்கள், மோட்டார் குழாயில் சுற்றிக்கொண்டு வராது. ஒரு டேப்பை அப்படித் தொலைத்திருக்கிறேன். இரண்டு இழை ஒயர், நுனியில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடாமல், மேலே 9 வோல்ட் பேட்டரியும் சின்ன பஸ்ஸரும். நுனி தண்ணீரைத் தொட்டதும் கூவும். ஒயரில் ஒவ்வொரு மீட்டருக்கும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். எலக்ட்ரிகல் கடையில் 350 ரூபாய்க்குள் சாமான் முடிந்துவிட்டது.

மாதம் இரண்டு முறை, எல்லாக் கிணறும் ஒரே நாளில். வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாரம் ஒரு முறை. நோட்டில் எழுதுவது விளிம்பிலிருந்து தண்ணீர் வரை உள்ள ஆழம் என்பதால், எண் கூடினால் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று பொருள். வரைபடம் போடும்போது இதைத் தலைகீழாக்காவிட்டால், கோடையில் கிணறு பொங்குவது போல வரும்.

5. அணைச் சுவரிலேயே ஓர் அளவுகோல்

கிணற்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். அணையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, ஒரு நாளைக்கு எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டும். அனுமதி கேட்டு, சுவரின் பக்கவாட்டில் சென்டிமீட்டர் அளவு வரைந்துகொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒரு படம். மாடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும் பையன் ஒருவன் எங்களுக்கு எடுத்து அனுப்பினான்.

ஆற்றில் வரத்து நின்று, வழிவதும் நின்ற பிறகு, மழையில்லாத ஒரு பத்து நாளை எடுங்கள். எங்கள் அணையில் நாளுக்கு 25 மி.மீ. குறைந்தது. அதில் வெயிலில் ஆவியாவது டிசம்பர், ஜனவரியில் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம், கோடையில் கூடும். மீதி 20 மி.மீ. நிலத்துக்குள் இறங்கியது. நீர் நின்ற சராசரிப் பரப்பு ஒன்றரை ஹெக்டேர், அதாவது 15,000 சதுர மீட்டர். 20 மி.மீ. என்றால் நாளுக்கு 300 கன மீட்டர், மூன்று லட்சம் லிட்டர். அந்த வருடம் 60 நாள் தண்ணீர் நின்றது. மொத்தம் 18,000 கன மீட்டர்.

இங்கே மூன்று பொறிகள். ஒன்று, ஆயில் இன்ஜின் வைத்து அணையிலிருந்தே நேராக இறைப்பவர்கள். அந்தத் தண்ணீரும் "இறங்கிய" கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு, சுவருக்கு அடியில் கசிந்து கீழ்ப்பக்கம் வெளியே வரும் தண்ணீர். சுவரின் கீழே நடந்து பாருங்கள், ஈரம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, வண்டல். முதல் வருடம் 20 மி.மீ. இறங்கிய அணையில் இரண்டாம் வருடம் 14 மி.மீ.தான் இறங்கியது, அடியில் வழவழவென்று ஒரு விரற்கடைக் களிமண் படிந்திருந்தது. தூர் வாராத அணை வெறும் தொட்டியாகிவிடும், சூரியனுக்குத்தான் தீனி. திறப்பு விழா வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்குப் பெருக்காதீர்கள்.

6. மழையையும் மோட்டாரையும் எழுதுங்கள்

மழைமானியை ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான், ஒப்பிட வசதி.

மழை ஏன் இவ்வளவு முக்கியம்? 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது. 2016க்குப் பிறகு அளக்க ஆரம்பித்து 2021இல் முடித்தால், நடுவில் நீங்கள் ஆற்றில் எதைக் கட்டியிருந்தாலும் அது வெற்றிதான். தடுப்பணை வேண்டாம், ஒரு பிள்ளையார் கோயில் கட்டியிருந்தாலும் கிணறு ஏறியிருக்கும்.

மோட்டார் கணக்கு இதைவிடக் கடினம். பண்ணை இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. நாங்கள் ஒவ்வொரு கிணற்றுக்காரரிடமும் ஒரு மாதக் காலண்டர் கொடுத்து, மோட்டார் ஓடிய மணியை அந்தந்தக் கட்டத்தில் எழுதச் சொன்னோம். பாதிப் பேர் எழுதினார்கள். மற்றவர்களுக்கு அடங்கலில் உள்ள பயிரையும் ஏக்கரையும் வைத்து உத்தேசம் போட்டோம். அடங்கலை அப்படியே நம்பாமல் ஒரு முறை வரப்பில் நடந்து பாருங்கள். போன வருடப் பயிரே இந்த வருடமும் எழுதப்பட்டிருக்கலாம்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கிணறு ஏறியதும் வேர்க்கடலை போட்டவர் நெல்லுக்கு மாறுவார், நெல் போட்டவர் கரும்புக்கு மாறுவார். ஏப்ரலில் மட்டம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மட்டத்தை மட்டும் பார்த்தால் "அணையால் பயனில்லை" என்று தோன்றும். பயன் வயலில் இருக்கும், கிணற்றில் இருக்காது.

7. கணக்கு

இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

கிணறு ஒரு மீட்டர் ஏறியது என்றால் நிலம் முழுக்க ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெறும் தண்ணீர் நிற்கிறது என்று பொருளல்ல. மண்ணும் பாறையும்தான் பெரும்பகுதி. இறைத்தால் வடிந்து வரக்கூடிய தண்ணீர் அதில் ஒரு சிறு பங்கு. அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் இந்தப் பங்குக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்: மணல் கலந்த ஆற்று வண்டல் 16 சதவீதம், பொடிவண்டல் 10, களி வண்டல் 6. நம் பக்கத்துச் சிதைந்த கருங்கல் பாறையில் களி குறைவாக இருந்தால் 3 சதவீதம், களி அதிகமென்றால் 1.5 சதவீதம்.

ஆற்றை ஒட்டிய மணற்பாங்கான கிணறு ஓரடி ஏறுவதும், மேட்டுப் பாறைக் கிணறு ஓரடி ஏறுவதும் ஒன்றல்ல. முன்னதில் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர். ஆகவே எல்லாக் கிணறுகளின் ஏற்றத்தையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். கிணறு வெட்டியபோது எந்த ஆழத்தில் எந்த மண், எங்கே சுக்கான் பாறை என்று வெட்டியவரிடம் கேட்டு, மணல் பகுதி, பாறைப் பகுதி என்று வரைபடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் இவ்வளவுதான்: பரப்பு × கூடுதல் ஏற்றம் × அந்தப் பங்கு.

எங்களுக்குக் கணக்கில் வந்தது பெரும்பாலும் களி கலந்த பாறைப் பகுதி, ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 10 லட்சம் சதுர மீட்டர். முதல் வருடம் மே மாதத்துக்கும் ஜனவரிக்கும் இடையே சராசரி ஏற்றம் 3 மீட்டர். 10,00,000 × 3 × 0.015 போட்டேன், 45,000 கன மீட்டர் வந்தது. துள்ளிக் குதித்தேன். அணையின் கொள்ளளவு 12,000 கன மீட்டர், அந்த வருடம் இரண்டு முறை நிறைந்தது, ஆக அணையில் தேங்கியதே 24,000தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மழையே ஏற்றிய ஏற்றத்தையும் அணை மேல் எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் மழையும் ஏறக்குறைய அதே அளவு. அணைப் பக்கம் அதே 3 மீட்டர் ஏறியது. ஆனால் அணை எட்டாத சாட்சிக் கிணறுகளும் 2 மீட்டர் ஏறின. ஆக அணையால் வந்தது என்று சொல்லக்கூடியது மீதி ஒரு மீட்டர்தான். 10,00,000 × 1 × 0.015 = 15,000 கன மீட்டர்.

இதை வேறு இரண்டு வழியில் சரிபாருங்கள். அணைச் சுவர் அளவில் முதல் வருடம் 18,000 வந்தது. அதே 2015 விதிமுறையின்படி, தடுப்பணையில் ஒரு வருடத்தில் தேங்கிய மொத்தக் கொள்ளளவில் 40 சதவீதத்தை நிலத்தில் இறங்கியதாக எடுத்துக்கொள்ளலாம்: 24,000இல் 9,600. மூன்று எண்களும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம். 10,000க்கும் 18,000க்கும் நடுவில் என்று எழுதுங்கள். ஒற்றை எண்ணை அடித்துச் சொல்பவரைவிட, இப்படி எழுதுபவரைத்தான் பொறியாளர்கள் உட்காரச் சொல்லிப் பேசுகிறார்கள்.

15,000 கன மீட்டர் என்பது ஒன்றரைக் கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். மழையே இல்லாமல் கிணற்றை மட்டும் நம்பினால், ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும்; அந்தக் கணக்கில் இது மூன்று ஏக்கர். வேர்க்கடலை என்றால் சுமார் 500 மி.மீ., ஏழு ஏக்கர். எங்கள் ஊரில் ஆற்றோரமாக மட்டும் நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. இந்த வரியைப் படித்துக் காட்டியபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் ஏற்றத்தை மட்டும் பார்ப்பதும் முழுசில்லை. நல்ல மழை வருடத்தில் எல்லாக் கிணறும் மேலே வந்து நின்றுவிடும். அதற்கு மேல் நிலம் வாங்காது, அணை கொடுக்கவும் முடியாது. அணையின் வேலை தெரிவது பிப்ரவரிக்கு மேல். சாட்சிக் கிணறுகள் வாரம் ஓரடி இறங்கும்போது அணையருகே அரையடிதான் இறங்கின. வற்றும் தேதி எங்களுக்கு 24 நாள் தள்ளிப் போனது. விவசாயிக்கு அந்த 24 நாள்தான் கடைசித் தண்ணீர். ஆகவே இறங்கும் வேகத்தையும் தனி வரைபடமாகப் போடுங்கள்.

8. தண்ணீரின் தரம்

அணையில் நிற்பது மழைநீரா, மேல் ஊர்ச் சாக்கடையா? சாக்கடை என்றால் அதைத்தான் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதி என்றால் இன்னும் கவனம்.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் (நாங்கள் 600 ரூபாய்க்கு வாங்கினோம்) மாதம் ஒரு முறை எல்லாக் கிணற்றிலும் பாருங்கள். இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. ஆற்றுநீரின் உப்பு கிணற்றுநீரைவிடக் குறைவாக இருந்தால், அணை நிறைந்த சில வாரத்தில் எந்தக் கிணற்றில் எண் குறைகிறதோ அதுவரை ஆற்றுநீர் எட்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம். மழையாலும் எண் குறையும் என்பதால் இங்கேயும் சாட்சிக் கிணற்றோடு ஒப்பிடுங்கள். எங்களுக்கு இடது கரையில் 600 மீட்டர் வரை தெரிந்தது, வலது கரையில் 200 மீட்டரைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் பாறை மேடு.

ஆய்வகப் பரிசோதனை வருடத்துக்கு இரண்டு முறை போதும், மே, ஜனவரி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். எதையெல்லாம் சோதிக்கச் சொல்கிறீர்களோ அதைப் பொறுத்துக் கட்டணம், முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அலசக் கூடாது, ஆய்வகமே தரும் சுத்தமான பாட்டிலில் நேராகப் பிடிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5.

9. கீழ் ஊருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்

நம் ஊரில் நிறுத்திய தண்ணீர் கீழே போயிருக்க வேண்டிய தண்ணீர். அணைக்குக் கீழே 2, 3 கிலோமீட்டரில் இரண்டு கிணறுகளையும், ஆற்றிலிருந்து ஊற்றுக்கால் (ஆற்று ஊற்றுநீரை வயலுக்குக் கொண்டு போகும் வாய்க்கால்) பிரியும் இடம் இருந்தால் அதில் தண்ணீர் வந்த தேதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே குறைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள்.

10. காலமும் செலவும்

மே முதல் வாரத்தில், கிணறு மிகக் கீழே இருக்கும்போது ஆரம்பியுங்கள். அதற்கு மார்ச்சிலேயே மனு போட்டிருக்க வேண்டும், ஏப்ரலில் கிணறுகள் முடிவாகியிருக்க வேண்டும். ஜூனிலிருந்து அடுத்த மே வரை ஒரு நீர் ஆண்டு. ஒரு வருடக் கணக்கை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். இரண்டு வருடம் குறைந்தபட்சம். மழை குறைந்த ஒரு வருடமும் நடுவில் வந்துவிட்டால் நல்லது.

இரண்டு வருடத்துக்கு எங்களுக்கு ஆய்வகக் கட்டணம் போக ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது: சர்வேயர், டேப் இரண்டு, ஒயர் சாமான், டி.டி.எஸ். மீட்டர், மழைமானி, பெயிண்ட், மனுச் செலவு, நகல். பெட்ரோலும் டீயும் தனி. அதைக் கணக்கு வைத்தால் வீட்டில் சண்டை வரும்.

முடிவை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒரு வரைபடம், சாட்சிக் கிணறும் அணைக் கிணறும் பக்கத்தில் பக்கத்தில். ஜனவரி அளவு முடிந்து கணக்குப் போட்டால், மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்குச் சரியாக இருக்கும். தீர்மானத்தில் "தூர் வார வேண்டும்" என்று எழுதினால் போதாது. எத்தனை சென்டிமீட்டர் வண்டல், எந்த மாதத்துக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கிணற்று விளிம்பில் போட்ட சிவப்புக் குறி ஒரே மழைக்காலத்தில் மங்கிவிடும், சில இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். முதல் நாளே ஒவ்வொரு குறியையும், பின்னால் அடையாளத்துக்கு மோட்டார் கொட்டகை தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். எங்கள் ஏழாம் எண் கிணற்றின் குறி எங்கே இருந்தது என்று இப்போதும் தகராறுதான்.